பிழையான காலைப் பிடித்து இழுத்தவன்

ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவன் நான். ஜெர்மனியில் எட்டு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் ஒரே அறையில் நாலு பேரோடு படுத்தெழும்பி, கலியாணம் கட்டி, இருந்திருந்து எனக்கு நிரந்தரமாகக் கிடைத்த வேலை எங்கே என்று கேட்டால், பழைய ஆமிக்காரர்களின் கிளப்பில். யூனிபோர்மைக் கண்டால் வேலி பாய்ந்து ஒளித்த எனக்கு, யூனிபோர்ம் போட்டவர்களின் படங்களைத் தூசி தட்டுவதற்கு மாதாமாதம் சம்பளம். இன்டர்வியூவில், ராணுவத்தோடு உமக்கு ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். "ஓம், அவை என்னைத் துரத்தியிருக்கினம்" என்றேன். சிரித்துவிட்டு வேலையைத் தந்தார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் இரண்டு தரம் படித்தேன், நன்றாக விளங்கட்டும் என்று. என் இங்கிலீஷ் கேட்க நன்றாயிருக்கும், வாசிக்கச் சொன்னால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன். எனக்குக் கண்ணாடியே இல்லை. அதனால் இதில் வெள்ளைக்காரர் கதைக்கிற இடங்களில், அவர்கள் சொன்னது இங்கிலீஷில், நான் விளங்கிக்கொண்டது தமிழில். பிழை இருந்தால் என் தலையில் போடுங்கள்.

கிளப் பெரிய தெருவிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. செங்கல் கட்டடம். கீழே பாரும் ஸ்னூக்கர் மேசையும். மேலே ஹோல். கீழே கிழவர்கள் பியர் குடிப்பார்கள், மேலே எங்கள் சனம் பெண்பிள்ளை பெரிசான சாமத்திய வீடும் பிறந்தநாளும் கொண்டாடும். ஒரே நேரத்தில் நாதஸ்வரமும் ஃபுட்போலும் கேட்கும். வாசலுக்கு மேலே பித்தளை எழுத்தில் ஒரு பெயர். முதலாம் உலகப்போரில் செத்துப்போன ஒரு பெடியனின் பெயர் என்று சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். நானும் அவ்வளவுதான் கேட்டேன்.

மேலே போகும் படிக்கட்டின் உச்சியில் ஒரு படம் தனியாகத் தொங்கும். ஒரு பக்கமாகச் சிரிக்கிற இளம் ஆமிக்காரன், தொப்பி கொஞ்சம் சரிந்தபடி. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே நான் முடிவெடுத்துவிட்டேன், இதுதான் அந்தப் பெடியன் என்று. சட்டம் போட்டுத் தனியாகத் தொங்கும் படம் என்றால் எங்கள் வீடுகளில் வேறு என்ன அர்த்தம்? டூட்டிங்கில் ஒரு கடையில் சந்தனச் சீவல் மாலை ஒன்று வாங்கிப் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கூட்டித் துடைத்து முடிய ஒரு ஊதுபத்தி. அது புகை எலாமுக்குப் பிடிக்காது, அதனால் ஒரு துவாயால் எலாமுக்கு விசிறிக்கொண்டே கும்பிடுவேன்.

ஹோலுக்கு வந்த எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. மாலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் பிறந்தநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து "தாத்தாவைக் கும்பிடு" என்றார். இன்னொரு அண்ணை திருநீறே பூசிவிட்டார், கண்ணாடிக்கு மேலே.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் கிளப்பின் செக்ரட்டரி படியேறி வந்தார். எண்பத்தாறு வயது, ஆமியில் லொறி ஓட்டியவர், என்னை 'மேட்' என்றுதான் கூப்பிடுவார். மாலையைத் தொட்டு மணந்து பார்த்தார்.

"மேட், இது என்னத்துக்கு?"

"செத்துப்போன ஆக்களின்ர படத்துக்கு நாங்கள் மாலை போடுவம். மரியாதைக்கு."

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நான்" என்றார்.

படிக்கட்டில் ஒரு கம்பி இருந்தது நல்லதாகப் போயிற்று. பிடித்துக்கொண்டேன்.

"பத்தொன்பது வயசிலை எடுத்தது. நான் நினைச்சன், உமக்கு என்னிலை நல்ல விருப்பமாக்கும் எண்டு."

கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "இருக்கட்டும். என்னெண்டாலும் ஒருநாள் போடத்தானே போறியள். இப்பவே போட்டா எனக்கும் பாக்கக் கிடைக்கும்."

வீட்டுக்கு வந்து என் மனிசியிடம் சொன்னேன். அவ கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தா, அந்தளவுக்குப் பாதுகாப்பான மனிசி.

"உயிரோடை நிண்டு பியர் குடிக்கிற மனிசனுக்கு ஆறு மாசமாத் துவசம் செய்திருக்கிறியள். அந்தாள் நீங்கள் கும்பிடக் கும்பிட வயசு குறைஞ்சுதான் வருது, கவனிச்சியளோ?"

மறுநாள் செக்ரட்டரியிடம் கேட்டேன். "அப்ப அந்த மற்றப் பெடியன்ர படம் எங்கை?"

"இல்லை" என்றார். "ஒரு படமும் இல்லை. பேர் மட்டும்தான்."

அந்தப் பெயருக்கும் வினை வந்தது. கிளப்புக்குப் புதுத் தலைவி ஒருத்தி வந்திருந்தா. விமானப்படையில் ஒஃபிஸ் வேலை பார்த்தவ, அறுபது வயது, நடையிலேயே ஃபைல் தெரியும். கெட்ட மனிசி இல்லை. தரை துடைக்கிற என் மொப் பழசு என்று கண்டுபிடித்துப் புதுசு வாங்கித் தந்ததும் அவதான். அவ சொன்னா, இந்தப் பெயரை ஒருவராலும் சொல்ல ஏலாது, எழுத ஏலாது, போனில் தேடினால் வராது, ஆள் யாரென்று எங்களுக்கே தெரியாது. 'சமூக மண்டபம்' என்று மாற்றினால் இன்னும் நாலு பேர் ஹோலை எடுப்பார்கள். ஆறு கிழமையில் வருடாந்தக் கூட்டம். அதில் கை உயர்த்தி முடிவெடுப்பது.

செக்ரட்டரி எதிர்த்தார். தலைவி நியாயமாகத்தான் சொன்னா. "அவர் ஆரெண்டு ஐஞ்சு நிமிசம் சொல்லுங்கோ. கேட்டுப்போட்டு நானும் உங்களோடை கை தூக்கிறன்."

அந்த ஐந்து நிமிடம்தான் இல்லை. செக்ரட்டரி இருபது வயதில் கிளப்பில் சேர்ந்தபோது, கிளப்பைத் தொடங்கியவர்களில் மிச்சமிருந்தது ஒரே ஒருவர், முதல் தலைவர். அந்தாள் ஆஸ்பத்திரியில் கடைசியாய்க் கிடந்தபோது இவருடைய கையைப் பிடித்து, வாசலில் அந்தப் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்டாராம். இவர் ஓம் என்றிருக்கிறார். அந்த ஓமைக் காப்பாற்றிக்கொண்டுதான் அறுபது வருடத்துக்கு மேலாகப் பித்தளை எழுத்துகளைத் தானே மினுக்கி வருகிறார். ஏணியில் ஏறவேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகும்.

"பேரைக் கேட்டன், மேட். ஆளைக் கேக்கேல்லை" என்றார். பாரில் ஒரு தாளும் பேனையும் வைத்துக்கொண்டு இருந்தார். தாளில் ஒரு வரி இருந்தது. அந்த வரி பெயர்.

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டு நான் என் அறிவுக்கு எட்டியதைக் கேட்டேன்.

"அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

"என்ன?"

"துவசத்துக்கு நாங்கள் செத்தவருக்கு விருப்பமானதைத்தான் சமைச்சுப் படைப்பம். என்ர அப்பாவுக்கு நண்டும், அதோடை ஒரு பீடியும். பீடியும் இலையிலைதான் வைக்கிறது. உங்கட ஆளுக்கு என்ன வைக்கிறது?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் கொண்டுவந்து, அவர் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தார்.

"இத்தினை வருசத்திலை ஒருத்தரும் என்னை இதைக் கேக்கேல்லை."

"கேட்டிருந்தாத் தெரியுமோ?"

"தெரியாது."

எழும்பித் திறப்புக் கோர்வையை எடுத்து நிலவறைக் கதவைத் திறந்தார். பியர்ப் பீப்பாக்களுக்குப் பின்னால், நிலவறையின் மூலையில், பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் மூன்று பெட்டியில் இருந்தன. நான் வேலைக்கு வந்த நாள் முதல் அந்தப் பெட்டிகளுக்கு மேலே ஏறி நின்றுதான் பீப்பா மாற்றுகிறேன். கிளப்பின் சரித்திரத்துக்கு என் சப்பாத்து அடையாளம் நல்லாய்ப் பதிந்திருந்தது.

தூக்கி வந்தாயிற்று, வாசிப்பது யார்? செக்ரட்டரிக்குக் கண்ணில் புகை. எழுத்தோ கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி. நான் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். ஆகவே மனிசியைக் கூட்டி வந்தேன். அவ ஏலெவல் பாஸ் பண்ணியவ, மருந்துக் கடையில் வேலை. டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கிறவவுக்கு இது பெரிய வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கிளப் சமையலறையில் மூன்று பேரும் இருந்தோம். மனிசி வாசிப்பா, செக்ரட்டரி கேட்பார், நான் வடை சுடுவேன்.

முதல் இரண்டு ஞாயிறும் கூரை ஒழுகியது, கரி தீர்ந்தது, ஸ்னூக்கர் கோலை யார் முறித்தது என்பதுதான். மூன்றாம் ஞாயிறு மனிசி ஒரு பக்கத்தில் நின்றுவிட்டா.

"இஞ்சாருங்கோ, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இங்கை வாங்கோ. வருசாவருசம் அவர் செத்த நாளிலை ஒரு விருந்து வைச்சிருக்கினம். ஒரு கதிரையிலை ஒருத்தரும் இருக்கக்கூடாதாம். அந்தக் கதிரைக்கு முன்னாலை ஜாம் உருட்டின புடிங் ஒரு துண்டு வைக்க வேணுமாம், அதுதான் அவருக்கு விருப்பமாம்."

"படையலோ?"

"பின்னை என்ன? எங்கட படையல்தான். வெள்ளைக்காரன் எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கிறான்."

செக்ரட்டரிக்கு இங்கிலீஷில் சொன்னா. அவர் வடையைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"இன்னும் கிடக்கு" என்றா மனிசி. "சாப்பிட முதல் மேசையிலை இருக்கிற ஒவ்வொருத்தரும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்லவேணுமாம். நல்லது சொன்னா ஒரு சுற்று பியர் அபராதம்."

அந்தக் குறைகளையும் யாரோ ஒரு புண்ணியவான் வருடாவருடம் எழுதி வைத்திருந்தான். மனிசி வாசிக்க வாசிக்க, படமே இல்லாத அந்தப் பெடியன் சமையலறைக்குள் வந்து இருந்தான். இரவல் வாங்கிய காலுறையை ஓட்டையோடு திருப்பித் தருவான். ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும், அதிலும் பாதி, அந்தப் பாதியை நாள் முழுக்கப் பாடுவான். சீட்டில் கள்ளம் விடுவான், அதையாவது ஒழுங்காக விடத் தெரியாது. தன் புகையிலையைக் கொடுத்து எல்லாருடைய ஜாமையும் வாங்கித் தின்றுவிட்டு, பிறகு அவர்களிடமே புகையிலை கேட்டு நிற்பான். எங்கள் ஒழுங்கையிலேயே பிறந்தவன், குதிரை வண்டியில் பால் விற்றவன். ஆனால் குதிரைக்குப் பயம். அதனால் வண்டிக்குப் பின்னால் தூரத்தில் நடந்து வருவான், குதிரை தன்பாட்டில் வீடு வீடாய் நின்று போகும்.

"உங்களை மாதிரி ஒரு ஆள்தான்" என்றா மனிசி என்னைப் பார்த்து. "குதிரைதான் குடும்பம் நடத்தியிருக்கு."

முதல் தலைவரின் குறை மட்டும் எல்லா வருடமும் ஒன்றே. எழுதியவனுக்கே அலுத்துப்போய், பின்னாளில் 'வழக்கமானது' என்று மட்டும் எழுதியிருந்தான். முதலாம் வருடத்துக்குத் திரும்பிப்போய்த்தான் மனிசி கண்டுபிடித்தா. சண்டையில் அந்தாளுக்கு வலது காலில் காயம் பட்டு வெளியே கிடந்திருக்கிறார். இந்தப் பெடியன் ஊர்ந்து போய் இழுத்து வந்திருக்கிறான். காயம் பட்ட அதே காலைப் பிடித்து. அந்தாள் வழி முழுக்கத் தூஷணத்தால் பேச, இவன் தன் பாதிப் பாட்டைப் பாடிக்கொண்டே இழுத்திருக்கிறான். கொண்டுவந்து போட்டுவிட்டு இன்னொருத்தனை எடுக்கத் திரும்பிப் போனவன், வரவில்லை. 'பிழையான காலைப் பிடித்து இழுத்தான்.' இதுதான் தலைவரின் குறை, விருந்து நின்ற வருடம்வரைக்கும்.

செக்ரட்டரி மெதுவாகச் சொன்னார். "அந்தாள் நொண்டினவர்தான். நான் ஏனெண்டு கேட்டனான். குளிருக்கு எண்டவர்."

பிறகு அவர் வடையைக் கடித்தார்.

விருந்து ஏன் நின்றது என்பதும் புத்தகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் சீனியும் ஜாமும் பங்கீட்டுக்குப் போக, அந்த வருடம் புடிங் இல்லை, புடிங் இல்லாமல் விருந்து வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். சீனி திரும்பி வந்தபோது அதைக் கேட்பதற்கு அநேகமானோர் இல்லை.

அந்தப் புடிங்கைச் சமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நானே தலையைக் கொடுத்தேன் என்பது சரி. மாவோடு மாட்டுக் கொழுப்பைச் சேர்த்து, தட்டி, ஜாம் பூசி, பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி, துணியில் கட்டி அவிக்கவேண்டும். மாட்டுக் கொழுப்பை மனிசி வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. கடையில் மரக்கறிக் கொழுப்பு என்று ஒன்று இருந்தது, அதை வாங்கினேன். அவிப்பதற்குப் புட்டுப் பானை. ஒரு வேட்டியைக் கிழித்துத் துணி. முதல் தரம் அவிழ்த்தபோது ஜாம் வெளியே, மாவு உள்ளே, வேட்டி இரண்டுக்கும் நடுவில். ஒரு துண்டை செக்ரட்டரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "மேட், இதை வைச்சா அந்தப் பெடியன் இன்னொருக்காச் சாவான்."

நாலாவது தரம் சரியாக வந்தது.

கூட்டம் ஞாயிறு மத்தியானம் மேல் ஹோலில். நாலு மணிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் பிறந்தநாளுக்கு ஹோலை எடுத்திருந்தது, அதற்குள் முடிக்கவேண்டும். இருபது இருபத்தைந்து பேர் வந்திருப்பார்கள். தலைவி நடுவில், முன்னால் தாள்கள். செக்ரட்டரி சவரம் எடுத்து டை கட்டியிருந்தார், கன்னத்தில் ஒரு வெட்டு. மேசையின் தலைப்பில் நான் ஒரு வெறும் கதிரை போட்டு, அதற்கு முன்னால் ஒரு தட்டில் புடிங் ஒரு துண்டை வைத்தேன், மிச்சம் மேசை நடுவில். பழக்கத்தில் கை கும்பிடப் போனது. இந்த முறை ஆள் சரிதான் என்பதால் விட்டேன்.

செக்ரட்டரி எழும்பினார். பேச்சு ஒன்றும் இல்லை. என் மனிசி பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த குறைகளை வாசித்தார், அவ்வளவுதான். காலுறைக்கு ஒருவர் சிரித்தார். குதிரைக்கு எல்லாரும் சிரித்தார்கள். பிழையான காலுக்கு வந்தபோது முதலில் சிரித்தார்கள், பிறகு அவர் மிச்சத்தை வாசித்தார்.

"என்ர ஐஞ்சு நிமிசம் முடிஞ்சுது" என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார்.

தலைவி முன்னால் இருந்த தாள்களை ஒரு பக்கம் தள்ளிவைத்தா. பிறகு கேட்டா. "சாப்பிட முதல் ஒரு குறை சொல்ல வேணும், அப்பிடித்தானே?"

"அதுதான் சட்டம்" என்றார் செக்ரட்டரி.

"அப்ப என்ர குறை இது. அவற்ற பேரை நான் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் போனிலை எழுத்தெழுத்தாச் சொல்லவேண்டிக் கிடக்கு. ஒருநாளாவது மனிசன் வந்து உதவி செய்யேல்லை." அதைச் சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினா. "பேர் இருக்கட்டும் எண்டிறவை?"

கைகள் எழும்பின. ஒரு மூலையில் மூன்று பேர் எழுப்பவில்லை, அவர்களில் ஒருவர் நித்திரை. என் கையும் மேலே போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. தலைவி கவனித்தா.

"நீர் மெம்பர் இல்லை. கையை இறக்கும்."

"இறக்கவேண்டாம்" என்றார் செக்ரட்டரி. "அவரை மெம்பராக்கச் சொல்லி நான் பிரேரிக்கிறன்."

"அவர் ராணுவத்திலை இருந்தவரோ?"

"இல்லை. ஆனா ராணுவத்துக்கு நல்ல ஓட்டப் பயிற்சி குடுத்தவர்."

என்னைத் துணை மெம்பராகச் சேர்த்தார்கள். சந்தோசப்பட்டு முடிய முதல், புது மெம்பரைப் பற்றியும் ஆளுக்கொரு குறை சொன்னால் என்ன என்று ஒருவர் கேட்டார். தரை எப்போதும் ஈரம் என்றார் ஒருவர். சூப்பில் மிளகாய் என்றார் இன்னொருவர். எலாமை ஏன் துவாயால் அடிக்கிறான் என்று கேட்டார் மூன்றாமவர். பின்வரிசையில் இருந்து என் மனிசி எழும்பினா.

"எனக்கு எவ்வளவு நேரம் தருவியள்?"

செக்ரட்டரி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவவுக்குப் போட்டார். "நீங்கள் இருந்து சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதற்கு எனக்கு இஷ்டமில்லை. ஜெர்மனியில் கோப்பை கழுவிய காலத்தில் நான் நடத்தி நொடித்த மீன் வியாபாரம் வரைக்கும் போயிற்று. செக்ரட்டரி சிரித்துச் சிரித்து டையைத் தளர்த்திவிட்டார். புடிங் முழுக்க முடிந்தது, வெறும் கதிரைக்கு முன்னால் இருந்த துண்டைத் தவிர. அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

நேரம் போனதே தெரியாமல், நாலு மணிக்காரர் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். பலூன், கேக் பெட்டி, மின்னுகிற பாவாடையில் ஒரு சின்னப் பெண். ஹோல் நிறையக் கிழவர்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பதைக் கண்டு தகப்பன் வாசலில் நின்றுவிட்டார்.

"ஆற்ற பார்ட்டி அண்ணை இது?"

"கீழை வாசலிலை பேர் இருக்கெல்லே, அந்தப் பெடியன்ர."

"எத்தினை வயசு?"

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். "இருபத்திரண்டு."

அவர் வெறும் கதிரையையும் தட்டையும் பார்த்தார். "ஆள் எங்கை, இன்னும் வரேல்லையோ?"

"இல்லை. நாங்கள் கனநேரம் பாத்திருந்துபோட்டுச் சாப்பிட்டிட்டம்."

"அதுக்கென்ன. எங்கட பிள்ளைக்கும் இண்டைக்குத்தான் ஐஞ்சு. கேக்கிலை ஒரு துண்டு அவருக்கும் எடுத்து வைக்கிறன், வந்தாக் குடுங்கோ."

"நல்லது தம்பி" என்றேன். "ஜாம் கனக்க இருக்கிற பக்கமாப் பாத்து வெட்டும்."